ஆவி படியும் கண்ணாடி அவ்வளவு மோசமில்லை

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று ஆண்டுகளாகக் கடுமையான கண் வறட்சி. கண்ணீர்ச் சுரப்பைத் தாள் வைத்து அளக்கும் ஷிர்மர் சோதனையில் வலக்கண் 4 மி.மீ., இடக்கண் 3 மி.மீ. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகளும் அடைத்திருக்கின்றன என்றார்கள். ஒரு நாளைக்கு எட்டு முறை சொட்டு மருந்து போடுகிறேன். நாள் முழுக்க ஏசி அறையில் கம்ப்யூட்டர் வேலை. போக வர இருசக்கர வண்டி. காலையில் கண்ணைத் திறக்கும்போதே மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது. சுற்றிலும் ஃபோம் வைத்த காற்றுத்தடுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். பத்து நிமிடத்தில் ஆவி படிகிறது, மூக்கருகே காற்று புகுகிறது, கழற்றினால் கன்னத்தில் தடம். போதாததற்கு எனக்கு மைனஸ் 4.5 பவர். பணம் வீணா? எந்த மாதிரிக் கண்ணாடி எனக்குச் சரிவரும்? இரவிலும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்:

உங்கள் கண்ணாடியில் ஆவியும் படிகிறது, காற்றும் புகுகிறது. கடிதத்தில் இந்த ஒரு வரிதான் எனக்கு மிகவும் உதவியது. ஆவி படிகிறது என்றால் கண்ணுக்கும் லென்சுக்கும் நடுவில் ஈரம் தங்குகிறது. கண்ணாடி தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. மூக்கருகே காற்று வருகிறது என்றால் அந்த ஃபிரேம் உங்கள் மூக்குத்தண்டுக்குப் பொருந்தவில்லை. ஆக, நீங்கள் தேர்ந்த வழி சரி, ஃபிரேம்தான் தவறு. எந்தக் காலத்திலும் ஆவியே படியாத கண்ணாடியை வைத்துக்கொண்டு 'வறட்சி குறையவே இல்லை' என்பவர்களைவிட நீங்கள் ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள்.

இந்தக் கண்ணாடியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அது கண்ணீரைச் சுரக்க வைக்காது. சுரந்ததை ஆவியாகாமல் காக்கும், அவ்வளவுதான். கண்ணில் எப்போதும் இருக்கும் நீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு மருந்தில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. அந்தச் சிறிதளவு நீரின்மேல் இமைச் சுரப்பிகள் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விரித்து மூடிவைக்கின்றன. ஷிர்மர் தாளில் ஐந்து நிமிடத்தில் 5 மி.மீ.க்கும் குறைவாக நனைந்தால் சுரப்பே குறைவு என்று பொருள். உங்களுக்கு அதுவும் இருக்கிறது, எண்ணெய்ச் சுரப்பி அடைப்பும் இருக்கிறது. வரவும் குறைவு, கசிவும் அதிகம் என்ற நிலை. கண்ணாடி கசிவை அடைக்கும், வரவுக்கு மருந்துதான். உலகெங்கும் கண் மருத்துவர்கள் பின்பற்றிவந்த 2017-ஆம் ஆண்டின் உலர்கண் வழிகாட்டல் அறிக்கையும் இந்த ஈரக்காப்புக் கண்ணாடியைச் சிகிச்சையின் இரண்டாம் படியிலேயே சேர்த்திருக்கிறது. எல்லாம் முயன்று தோற்றபின் கடைசியாகத் தேடிப் போகிற பொருள் அல்ல இது.

புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. சாதாரண நீச்சல் கண்ணாடி ஒன்றை எடுத்து, பட்டையை நன்றாகத் தளர்த்தி, விளிம்பு தோலைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில், வறட்சி உச்சத்தில் இருக்கும் மாலை நேரத்தில், அரை மணி நேரம். இறுக்க வேண்டாம்: இறுக்கிய நீச்சல் கண்ணாடி விழியின் உள்ளழுத்தத்தைக் கூட்டக்கூடும். கிளாக்கோமா என்ற கண்ணழுத்த நோய் உள்ளவர்களும், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். அரை மணியில் எரிச்சல் கண்கூடாகத் தணிந்தால், நல்ல ஈரக்காப்புக் கண்ணாடிக்குச் செலவழிப்பதில் பொருளுண்டு. கொஞ்சமும் மாற்றமில்லை என்றால் வலி வேறெங்கிருந்தோ வருகிறது. இமை வீக்கமாக இருக்கலாம், ஒவ்வாமையாக இருக்கலாம், நரம்பே தவறாக எச்சரிக்கை அனுப்பும் வலியாகவும் இருக்கலாம். கடைசியானதைப் பிரித்தறிய மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு ஒன்றை விட்டுப் பார்ப்பார். அதன்பிறகும் வலி நின்றபடியே இருந்தால் சிக்கல் கண்ணின் மேற்பரப்பில் மட்டும் இல்லை. அந்தச் சொட்டு சோதனைக்கு மட்டும்தான். வீட்டில் வலிக்கும்போதெல்லாம் அதைப் போட்டுக் கருவிழியையே கரைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இனி உங்கள் ஃபிரேமுக்கு வருவோம். காற்று எங்கே புகுகிறது என்று தடவிப் பார்த்தோ ஊகித்தோ கண்டுபிடிக்க முடியாது. இரவில் அறையை இருட்டாக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். இன்னொருவர் சிறிய டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, முதலில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப் பக்கம், பிறகு கன்னத்துக்குக் கீழிருந்து, பிறகு நெற்றிக்கு மேலிருந்து, கடைசியாக மூக்கின் இருபுறமும் மெல்ல நகர்த்தட்டும். உங்கள் பார்வைக்குள் எங்கே வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கே இடைவெளி. நேராக உள்ளே நுழைகிற இடைவெளிகளை ஒளி ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வளைந்து நுழைகிற காற்றை மட்டும் பிறகு கைவிசிறியால் வீசிச் சரிபார்த்தால் போதும். சிரித்தபடியும், வாயைத் திறந்தபடியும், தலையைக் குனிந்தபடியும் ஒருமுறை பாருங்கள். முகம் அசையும்போது கன்னம் உயர்ந்து ஃபிரேமைத் தள்ளும். கடைக் கண்ணாடி முன் அசையாமல் நின்று பார்க்கையில் இது தெரியாது.

மூக்கருகே கீற்று தெரிந்தால், மூக்குத்தண்டின் வடிவமும் அதன்மேல் அமரும் ஃபிரேமின் பாலமும் ஒத்துப்போகவில்லை. பாலம் தாழ்ந்த மூக்குக்கென்றே செய்த வடிவம் தனியாகக் கிடைக்கிறது. உங்களுக்குப் பெரும்பாலும் அதுதான் தேவைப்படும். அதை விட்டுவிட்டு இருக்கிற ஃபிரேமையே இழுத்து இறுக்கினால் கன்னத்தில் தடம்தான் மிஞ்சும், மூக்கருகே இடைவெளி அப்படியே நிற்கும். உங்களுக்கு நேர்ந்திருப்பது இதுவாகவே இருக்க வேண்டும். கன்னத்துப் பக்கம் கீற்று தெரிந்தால் லென்ஸின் உயரம் போதவில்லை, அல்லது காதில் மாட்டும் கம்பியின் சாய்வு தவறு. கம்பியைச் சூடாக்கி வளைத்துத் தருவது கண்ணாடிக்கடையில் ஐந்து நிமிட வேலை. பொட்டுப் பக்கம் இடைவெளி இருந்தால் வளைவு குறைவான ஃபிரேமை வாங்கியிருக்கிறீர்கள். இமைமுடி லென்சில் உரசுகிறதா என்பதையும் பாருங்கள். உரசினால் ஒவ்வொரு சிமிட்டலிலும் லென்ஸில் எண்ணெய்க் கறை படியும், நீங்கள் அறியாமலே அரைகுறையாகச் சிமிட்டத் தொடங்கிவிடுவீர்கள். அரைகுறைச் சிமிட்டல் வறட்சியை வளர்க்கும். அப்படி இருந்தால் குழி ஆழமான வடிவமாகப் பார்க்க வேண்டும்.

விளிம்புப் பொருளில் இரண்டு வகை. ஃபோம் மென்மையானது, முகத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமுங்கும். ஆனால் வியர்வையையும் தோல் எண்ணெயையும் உறிஞ்சிவைக்கும், சில மாதங்களில் தட்டையாகிவிடும். சிலிக்கான் கழுவ எளிது, நீடிக்கும். வியர்த்தால் வழுக்கும், இறுக்கினால் தடம் போடும். கழற்றி மாட்டக்கூடிய விளிம்பு உள்ளதையே தேடுங்கள். விளிம்பு நிரந்தரமாக ஒட்டியிருந்தால், அது நைந்த அன்றைக்கு ஃபிரேம் முழுவதையும் தூக்கிப்போட வேண்டும். மாற்று விளிம்பு தனியாக விற்கிறார்களா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். கதவு இடுக்கில் ஒட்டும் பட்டையை வெட்டித் தாமாகவே ஒட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதன் பசையிலிருந்து வரும் ஆவி மூடிய இடத்துக்குள் தேங்கி ஏற்கெனவே புண்பட்ட கண்ணை எரிக்கும். வேண்டாம்.

ஆவி விஷயம். கண்ணிலிருந்து எழும் ஈரக்காற்று உடல் சூட்டில் இருக்கிறது. லென்ஸ் அறையின் குளிர்ச்சியில் இருக்கிறது. லென்ஸின் சூடு, அந்தக் காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் பனிப்புள்ளிக்குக் கீழே இறங்கியதும் நுண்துளிகள் படிகின்றன. அப்படியானால் வழி இரண்டுதான்: லென்ஸைச் சூடாக வைப்பது, அல்லது ஈரத்தில் கொஞ்சத்தை வெளியேற விடுவது. மேசைமேல் குளிர்ந்து கிடந்த கண்ணாடியை எடுத்து உடனே மாட்டினால் நிச்சயம் படியும். சட்டைப்பையில் பத்து நிமிடம் வைத்திருந்து மாட்டுங்கள். மாட்டியபின் ஏசி காற்று லென்ஸின்மேல் நேரே அடிக்காத இடத்தில் உட்காருங்கள். வெளிப்புறம் குளிர்வதாலும் உட்புறம் ஆவி படியும். மேல்விளிம்பில் சிறு காற்றுத்துளை உள்ள ஃபிரேம்கள் உண்டு. சூடான காற்று மேலே ஏறி வெளியேறுவதால் மேல்துளை போதும், கீழ்த்துளையை அடைத்துவிடலாம். வெளியே போகும்போது மேல்துளையையும் மூடிக்கொள்ளும் சறுக்குமூடி இருந்தால் இன்னும் வசதி. உள்பக்கம் ஆவிதடுப்புப் பூச்சு உள்ள லென்ஸைக் கேளுங்கள். அந்தப் பூச்சு மென்மையானது: உலர்ந்த துணியால் தேய்த்தால் ஒரே மாதத்தில் கீறிப் போய்விடும். ஓடும் தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் ஆற விடுங்கள். தனியாக விற்கும் ஆவிதடுப்புத் திரவம் பூசினால் அது முழுக்கக் காய்ந்தபிறகே மாட்டவும், அதன் மணம்கூடக் கண்ணில் படக்கூடாது. சோப்பு தடவும் பழைய உத்தி நல்ல கண்ணுக்குச் சரி, உங்கள் கண்ணுக்கு இல்லை.

துளையே இல்லாமல் முழுக்க அடைத்த கண்ணாடியை நாள் முழுக்கப் போட வேண்டும் என்பதும் இல்லை. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரே கண்ணாடி வண்டிக்கும் அலுவலகத்துக்கும் படுக்கைக்கும் உதவும் என்று நினைத்து, மூன்றிலும் அவதிப்படுகிறார்கள். ஏசி அறையில் வரும் காற்று மெல்லியது. உங்கள் வழக்கமான பவர் கண்ணாடியின் இரு பக்கமும் ஒட்டக்கூடிய ஒளிபுகும் பக்கத்தடுப்பு, அல்லது சற்றே பெரிய, முகத்தை ஒட்டிய ஃபிரேம், இந்த இரண்டில் ஒன்றே பெரும்பாலும் போதும். ஆவியும் படியாது, முகத்தில் தடமும் விழாது. முழு அடைப்பு வண்டி ஓட்டத்துக்கு.

அலுவலக மேசையில் கண்ணாடியைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி இறக்குங்கள். திரை உயரமாக இருந்தால் இமை அகலத் திறக்கும், ஆவியாகும் பரப்பு கூடும். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை சிமிட்டுகிறோம்; திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணை மென்மையாக மூடி இரண்டு நொடி வைத்து, இமைகளை லேசாக இறுக்கித் திறவுங்கள், பத்து முறை. சுரப்பியிலிருந்து எண்ணெயைப் பிழிந்தெடுப்பது இந்த முழுச் சிமிட்டல்தான்.

மைனஸ் 4.5 பவர் இந்த வகைக் கண்ணாடிக்குத் தடை இல்லை, ஆனால் எல்லா ஃபிரேமுக்கும் பொருந்தாது. முகத்தைச் சுற்றி வளைந்த ஃபிரேமில் மைனஸ் லென்ஸைப் பொருத்தினால் அதன் ஓரம் தடித்துவிடும். அந்தத் தடிப்பு பொட்டுப் பக்க விளிம்பைத் தள்ளிப் புதிய இடைவெளியை உண்டாக்கும். வளைவு நடுத்தரமானதாகப் பாருங்கள். வளைந்து சாய்ந்த லென்ஸ் வழியே பார்க்கும்போது பவரும் அச்சும் சற்றே மாறும். அதை ஈடுகட்டி லென்ஸை அரைக்கச் சொல்ல வேண்டும்; 'வளைவுக்கு ஏற்ற திருத்தம்' என்று கேட்டாலே நல்ல கடைக்காரருக்குப் புரியும். இந்தத் திருத்தம் இல்லாமல் செய்தால் ஓரங்களில் நெளிவும் தலைசுற்றலும் வரும், உங்களுக்கு உருளைப் பவரும் (சிலிண்டர்) இருந்தால் இன்னும் கூடும். லென்ஸ் கண்ணிலிருந்து மூன்று நான்கு மி.மீ. தள்ளிப் போவதால் வரும் மாற்றம் உங்கள் பவரில் 0.1-ஐக்கூடத் தொடாது, அதை மறந்துவிடலாம். மைனஸ் 8 உள்ளவருக்கு அதுவே கால் பவர் வித்தியாசம், அங்கே விடமுடியாது. லென்ஸ் பொருளில் பாலிகார்பனேட் எளிதில் உடையாது, ஆனால் ஓரங்களில் நிறம் பிரியும். ட்ரைவெக்ஸ் அதே உறுதியோடு தெளிவாகக் காட்டும், சற்றே தடிமனாக இருக்கும். உங்களுக்கு ட்ரைவெக்ஸ் நல்லது என்பேன். பவர் இல்லாத பெரிய கண்ணாடியைப் பழைய கண்ணாடிக்கு மேலே மாட்டலாமா என்றால், வண்டிக்கு மட்டும் ஓரளவு ஒப்பேற்றலாம். இரண்டு லென்சுக்கு நடுவிலும் ஆவி படியும் என்பதை நினைவில் வையுங்கள்.

வண்டியில் இன்னும் சில. ஹெல்மெட்டுக்குள் தடித்த கம்பி காதின்மேல் அழுத்தித் தலைவலி தரும். மெல்லிய, நேரான கம்பியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது மீள்பட்டையில் மாட்டும் வகையை. தடித்த விளிம்பு பக்கப் பார்வையை மறைக்கிறது. பாதை மாறும்போது தலையை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திருப்ப வேண்டும். புதுக்கண்ணாடியை முதல் நாளே சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது காற்றோட்டம் நின்று ஆவி படிகிறதா என்று வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்று சோதித்துவிட்டுப் புறப்படுங்கள். வெயிலுக்கு, கண்ணாடியின் கறுமை அளவில் 3-ஆம் வகை போதும். 4-ஆம் வகை வண்டி ஓட்டத் தகாதது. இரவுக்கு நிறமே கூடாது. வெளிச்சம் கூசுகிறது என்று வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பழகினால் கண் இருட்டுக்குப் பழகிக் கூச்சம் இன்னும் ஏறும். ட்யூப்லைட் கூசினால் இளஞ்சிவப்புச் சாயலுள்ள எஃப்எல்-41 என்ற நிறத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இரவுக் கேள்விக்கு வருகிறேன். காலையில் எழுந்தவுடனேயே உறுத்தல் உச்சத்தில் இருப்பது எனக்கு ஒரு சந்தேகத்தைத் தருகிறது: தூக்கத்தில் உங்கள் இமைகள் முழுமையாக மூடுவதில்லையோ? இதை நீங்களே அறிய முடியாது. நன்றாகத் தூங்கியபின் வீட்டிலுள்ளவர் டார்ச்சைக் கன்னத்தை நோக்கிப் பிடித்துக் கீழிருந்து பார்க்கட்டும். இமைகளுக்கு நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் காரணம். தூக்கத்தில் மூச்சுத் தடைக்காக முகமூடிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல்விளிம்பில் கசியும் காற்று நேரே கண்ணில் அடிப்பதும் இதே அறிகுறியைத் தரும். எப்படியிருந்தாலும் படுக்கும் முன் ஜெல் அல்லது களிம்பு. கீழ் இமையைத் தாழ்த்தி அரை செ.மீ. நீளத்துக்குப் போட்டாலே போதும். பார்வை மங்கும், அதனால் விளக்கணைத்தபிறகு போடுங்கள். அதன்மேல் மென்மையான, குழிவான சிலிக்கான் இரவுக்காப்பு. பகலில் போடும் கடினமான கண்ணாடி இரவுக்குக் கூடாது; புரண்டு படுத்தால் ஃபிரேம் கண்குழியை அழுத்தும். தட்டையான துணி முகமூடியும் வேண்டாம், இமை திறந்தால் துணி கருவிழியை நேராக உரசும். பிளாஸ்திரி ஒட்டி இமையை மூடுவதை மருத்துவர் ஒருமுறை செய்து காட்டியபிறகே செய்யுங்கள்.

எட்டு முறை சொட்டு மருந்து போடுகிறீர்கள். புட்டியில் என்ன இருக்கிறது என்று படித்தீர்களா? பென்சால்கோனியம் குளோரைடு என்று இருந்தால் அது கெடாமல் காக்கும் பொருள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் போகும்போது அதுவே கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கும். காப்புப் பொருள் இல்லாத சொட்டுக்கு மாற்றித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். கண்ணை வெளுக்க வைக்கும் 'சிவப்பு போக்கி' சொட்டுகளைத் தொட வேண்டாம். கண்ணாடி மாட்டும் முன் மருந்து போடுவதானால், ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் இருந்து, வழிந்ததை ஒற்றியெடுத்தபிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் விளிம்பில் மருந்து ஊறித் தோல் அரிக்கும். இரண்டு மருந்துகளுக்கு நடுவில் ஐந்து நிமிட இடைவெளி, ஜெல் கடைசியில். கண்ணாடி பொருந்திய சில வாரங்களில் எட்டு ஐந்தாகக் குறைந்தால் நல்ல பலன். ஆனால் அழற்சிக்கான சைக்ளோஸ்போரின் போன்ற மருந்து எழுதியிருந்தால் அதை நீங்களாகக் குறைக்காதீர்கள். அதன் பலன் தெரியவே சில மாதங்கள் ஆகும்.

சுரப்பி அடைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் சொல்லியிருப்பார்கள். பலரும் நனைத்த துணியை ஒருமுறை வைத்துவிட்டுப் போதும் என்கிறார்கள். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். உறைந்த எண்ணெய் இளக 40 டிகிரி செல்சியஸ் அளவில் பத்து நிமிடம் வேண்டும். மீண்டும் மீண்டும் சூடாக்குங்கள், அல்லது சூட்டைத் தக்கவைக்கும் ஒத்தடப் பட்டையை வாங்குங்கள். ஒத்தடம் முடிந்ததும் இமையை முடி இருக்கும் ஓரத்தை நோக்கி விரலால் மென்மையாக வழித்துவிடுங்கள்.

விளிம்பைத் தினமும் இரவு மணமில்லாத மென்சோப்புக் கரைசலில் பிசைந்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். இரண்டு விளிம்பு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் காலையில் ஈர விளிம்பை மாட்டும் நிலை வராது. கழுவாத ஃபோம் இமை அழற்சியைக் கிளப்பும். பிறகு கண்ணாடியால்தான் கண் சிவக்கிறது என்று அதையே ஒதுக்கிவிடுவீர்கள்.

ஒன்றைக் கேட்க வேண்டும். வாயும் வறள்கிறதா? காய்ந்த ரொட்டியை விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறதா? விரல் மூட்டுகளில் வலி உண்டா? இருந்தால், உடலின் நோயெதிர்ப்பே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷ்யோகிரன் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கண் அதில் ஒரு பகுதி மட்டுமே. ஒவ்வாமை மாத்திரை, சில மனச்சோர்வு மாத்திரைகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினோயின் ஆகியவையும் கண்ணை வறட்டும். எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம், பட்டியலை மட்டும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணாடியும் சொட்டும் சேர்ந்தும் போதாவிட்டால் கண்ணீர்த் துளையை அடைக்கும் சிறு அடைப்பான், சொந்த இரத்தச் சீரத்தில் செய்த சொட்டு, கருவிழியைத் தொடாமல் அதன்மேல் நீரைத் தேக்கிவைக்கும் ஸ்கிலரல் லென்ஸ் என்று வழிகள் மீதமிருக்கின்றன. அழற்சி அடங்கியபின் அடைப்பான் வைப்பதே முறை.

திடீரென்று ஒரு கண்ணில் மட்டும் வலி, பார்வை மங்கல், சீழ், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் எது வந்தாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள். வறண்ட கருவிழியில் புண் வேகமாகப் பரவும். மற்றபடி அடுத்த முறை போகும்போது இப்போது வாங்கிய கண்ணாடியையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். போட்ட நிலையில் உங்களைப் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். மூக்கருகே இடைவெளி எத்தனை மி.மீ. என்று தெரிந்தால், அதே ஃபிரேமில் மூக்குத் தாங்கியை மாற்றினாலே தீருமா, வேறு ஃபிரேம் வேண்டுமா என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.